நம் வீட்டு உயிர்கள்: தூக்கில் வந்த விருந்தாளி

சென்ற திங்கள் இப்பகுதியில் பொன்மீன் தொட்டியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த நம் சங்கத்து அன்பர் ஒருவர், மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலையில், தம் மகளை அழைத்துக்கொண்டு என் வீடு தேடி வந்தார். கையில் மூடியிட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்று. மோர்க்குழம்பு கொண்டுவந்திருக்கிறார் போலும் என்று எண்ணி, என் மனைவி கை நீட்டி வாங்கப் போனாள். “வேண்டாம் பாட்டி, உள்ளே உயிர் இருக்கிறது” என்று தடுத்தாள் அந்தச் சிறுமி.

மூடியைத் திறந்து பார்த்தேன். வெளிறிய ரோஜா நிறம். ஆறு அங்குல நீளம். நான்கு குட்டிக் கால்கள். மீனுக்குரிய தட்டை வால். தலையின் இருமருங்கும் மும்மூன்றாகச் சிவந்த தூரிகைகள் போன்ற செவுள்கள். இத்தனையும் பொருந்திய ஒரு பிராணி நீரின் அடியில் அசையாமல் கிடந்தது.

“தாத்தா, இதற்கு எப்போதும் சிரித்த முகம். பிறகு ஏன் நான்கு நாளாக ஒன்றும் தின்னவில்லை?” என்று கேட்டாள்.

மார்கழி மாதத்தில் இரண்டு வாங்கினார்களாம். மூன்று மாதம் சிறப்பாகவே வளர்ந்தன. சென்ற வாரம் ஒன்று இறந்துவிட்டது. மற்றொன்று இது. என் மேசையிலிருந்த வெப்பமானியைத் தூக்கினுள் விட்டுப் பார்த்தேன்: 27 டிகிரி. (இக்கட்டுரையில் வரும் வெப்ப அளவுகள் யாவும் சென்டிகிரேடு.) சிறுமியின் கேள்விக்கு விடை அந்தக் கண்ணாடிக் குழாயிலேயே இருந்தது. ஆனால் அதைச் சொல்லுமுன் இப்பிராணியின் ஊர், பெயர், குலம் ஆகியவற்றைச் சொல்லவேண்டும். அண்மைக் காலமாக நம் அன்பர்கள் பலர் வீட்டுக்கு இது வந்து சேர்கிறது. எவரும் இதன் ஊரை விசாரிப்பதில்லை.

இதற்கு ஆக்சலாட்டல் என்று பெயர். மெக்சிகோவின் பழங்குடியினர் பேசும் நாவாட்டல் மொழி கொடுத்த பெயர் அது. தவளையும் தேரையும் சேர்ந்த இருவாழ்வி வகுப்பில், வளர்ந்த பின்னும் வால் உதிராத ஒரு பிரிவு உண்டு. அப்பிரிவைச் சேர்ந்தவற்றைச் சாலமாண்டர் என்பார்கள். அவற்றுள் ஒரு கிளைக்கு நியூட் என்று பெயர். தென்னிந்தியாவில் இவற்றுள் ஒன்றுகூட இயற்கையாக வாழவில்லை. ஆகையால் நம் மொழியில் இவற்றுக்குப் பழைய பெயர் ஏதும் இல்லாததில் வியப்பில்லை. முதன்முறை பார்க்கும் நம்மவர் ‘தண்ணீர்ப் பல்லி’ என்று சொல்லிவிடுகிறார்கள். பல்லிக்குச் செதில் உண்டு. இவற்றுக்கு ஈரமான வெறுந்தோல்தான். அந்த வெறுந்தோலை மறவாதீர்கள். நீரில் உள்ள நல்லதும் கெட்டதும் அதன் வழியாகவே உள்ளே போகின்றன.

வங்காளத்தில் குடியேறிய நமக்கு அருகிலேயே ஒரு நியூட் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. டார்ஜிலிங் மாவட்டத்து மலைக் குளங்களில், குறிப்பாக நாம்திங் பொகரி என்னும் குளத்தில், மழைக்காலத்தில் இமயமலை நியூட் முட்டையிட வருகிறது. அருணாசலம், நாகாலாந்து, மணிப்பூர் மலைகளிலும் அதன் இனத்தார் உண்டு. பள்ளி விடுமுறைக்கு டார்ஜிலிங் போகும் பிள்ளைகள் புட்டியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வர ஆசைப்படலாம். கூடவே கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருக்கும் உயிர் அது. பிடிப்பது குற்றம், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். நின்று பார்த்துவிட்டு வரலாம். அதுவே பெரும் பேறு.

ஆக்சலாட்டலுக்கும் சட்டம் உண்டு. அது வேறு வகை. உலக நாடுகள் வாணிபத்தைக் கண்காணிக்க ஒப்புக்கொண்ட உயிர்ப் பட்டியலில் இது இடம்பெற்றிருக்கிறது. ஆகவே 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும், 2024 பிப்ரவரியில் வெளிவந்த விதிகளும் இதை வைத்திருப்போர் அரசின் ‘பரிவேஷ்’ இணையத்தளத்தில் பதிவு செய்யவேண்டும் என்று கூறுகின்றன. குட்டி பிறந்தாலும், பிறருக்குக் கொடுத்தாலும், இறந்தாலும் அறிவிக்கவேண்டும். நம் அன்பருக்கு இது ஒன்றும் தெரியவில்லை, விற்றவர் சொல்லவில்லை. அன்றிரவே உட்கார்ந்து எழுதி அனுப்பிவிடுவதாக ஒப்புக்கொண்டார்.

இனி வெப்பத்திற்கு வருகிறேன். ஆக்சலாட்டலின் தாயகம் மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சோச்சிமில்கோ ஏரியும் அதன் கால்வாய்களும். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் மெக்சிகோ நகரம் கொல்கத்தாவுக்கும் தெற்கே, பூமத்திய ரேகைக்கு இன்னும் அருகில் இருப்பது தெரியும். வெப்ப நாட்டுப் பிராணிதானே என்று தோன்றும். ஆனால் அந்நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் உதகமண்டலத்தின் உயரமும் அதுவே. உதகை ஏரியில் பிறந்து வளர்ந்த ஓர் உயிரைக் கொண்டுவந்து கொல்கத்தாவின் மூன்றாவது மாடியில், மேற்குச் சன்னலோரம், சித்திரை மாதத்தில் குடிவைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு உகந்த நீர் 16 முதல் 18 டிகிரி வரை. 20 வரை பொறுக்கும். 22க்கு மேல் ஏறினால் துன்பம் தொடங்குகிறது. 24க்கு மேல் நாள்கணக்கில் இருந்தால் நோய் வருவது உறுதி. காரணம் மூன்று. நீர் சூடேறினால் அதில் கரையும் பிராணவாயு குறைகிறது: 18 டிகிரியில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9.5 மில்லிகிராம் கொள்ளும் நீர், 30 டிகிரியில் 7.5 மட்டுமே கொள்கிறது. அதே வேளையில் பிராணியின் உடலோ விரைவாக இயங்கி அதிகப் பிராணவாயுவைக் கேட்கிறது. மூன்றாவதாக, அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, சூட்டில் இன்னும் கொடிய நஞ்சாகிறது. வரவு குறைந்து செலவு ஏறிய குடும்பத்தில் திருடனும் புகுந்த கதை.

இங்கேதான் கடைத்தெரு நம்மை ஏமாற்றுகிறது. கொல்கத்தாவில் மார்கழி, தை மாதங்களில் தொட்டி நீர் தானாகவே 20 டிகிரியை ஒட்டி நிற்கும். பிராணி துள்ளித் திரியும், கொடுத்ததைத் தின்னும். “பார்த்தீர்களா, ஒரு சிரமமும் இல்லை” என்பார் விற்றவர். பங்குனியில் உண்ணாவிரதம் தொடங்கும், சித்திரையில் மடியும். வாங்கியவர் தம் கைராசியை நொந்துகொள்வார். மறு மார்கழியில் கடையில் புதுக்குட்டிகள் வந்திருக்கும். நானும் ஒரு காலத்தில் இவ்விதமே ஒன்றைப் பலிகொடுத்தவன்தான். மின்விசிறியை மேலே சுழலவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்தேன்.

மின்விசிறி பயனற்றது என்று சொல்லவில்லை. நீர்ப்பரப்பின்மேல் காற்று வீசினால் நீர் ஆவியாகி எஞ்சியது குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இவ்வாறே. ஆனால் பானையின் வித்தை காய்ந்த காற்றில்தான் பலிக்கும். டில்லியிலோ நாகபுரியிலோ மே மாதத்துப் பானை நீர் பல்லைக் கூச வைக்கும். கொல்கத்தாவிலும் பம்பாயிலும் அதே பானை வெதுவெதுப்பாகக் கிடக்கும். நம் ஈரக்காற்றில் விசிறி இரண்டு டிகிரி குறைத்தால் பெரிது. 32ஐ 30 ஆக்கி யாருக்கு என்ன நன்மை?

அறையில் குளிர்சாதனம் இருக்கிறதே என்பார்கள். தொட்டி நீர் அறையின் வெப்பத்தையே பின்பற்றும். 24 டிகிரியில் நாம் சுகமாகத் தூங்கலாம். அதற்கு அது போதாது. தவிர, நாம் காலையில் அலுவலகம் போகும்போது குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுப் போகிறோம். பனிக்கட்டிப் புட்டிகளை மிதக்கவிடுவது ஆபத்துக் காலத்திற்கு உதவும். நாள்தோறும் அதையே நம்பினால், காலையில் 19, பிற்பகலில் 27 என்று நீர் ஊசலாடும். அந்த ஊசலாட்டமே ஒரு நோய். சமவெளி நகரங்களில் நிச்சயமான வழி, நீரைக் குளிர்விக்கும் ‘சில்லர்’ இயந்திரம் ஒன்றுதான். அதன் விலை, பிராணி, தொட்டி, வடிகட்டி மூன்றின் விலையையும் விஞ்சிவிடும். மின்சாரச் செலவு தனி. பெங்களூரில் இருக்கும் அன்பர்களுக்குச் சிரமம் சற்றுக் குறைவு. ஆயினும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களை அவர்களும் விசிறியால் கடக்க முடியாது. ஷில்லாங் அன்பர்களைக் கண்டு நாம் பொறாமைப்படலாம்.

மேனாட்டில் சிலர், நோயுற்ற ஆக்சலாட்டலை மூடியுள்ள பெட்டியில் நீருடன் இட்டுக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துச் சிகிச்சை செய்கிறார்கள். இதை நான் சொன்னவுடன் அன்பரின் முகம் மாறியது. இட்லி மாவுக்கும் தயிருக்கும் நடுவில் இதை வைத்தால், தம் தாயார் அன்றே மாயவரத்துக்கு டிக்கெட் எடுத்துவிடுவார் என்றார். அந்த யோசனையை அத்துடன் விட்டோம்.

வீடு அமைப்பது குளிர்ச்சியைவிட எளிது. ஒன்றை வளர்க்க இரண்டடிக்குக் குறையாத நீளமுள்ள தொட்டி வேண்டும். மூன்றடி இருந்தால் நன்று. இது அடியில் நடமாடும் பிராணி. ஆகவே உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம். கடைகளில் வண்ண வண்ணக் கூழாங்கற்களை நிரப்பிக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். வாயைத் திறந்து உறிஞ்சி உண்ணும் பழக்கமுடையதாகையால், இரையோடு கல்லையும் விழுங்கிக் குடல் அடைபட்டுச் சாகும். வெறும் கண்ணாடித் தரை போதும். அழகு வேண்டுமானால் மிக நுண்ணிய மணல். ஒளிந்துகொள்ள ஒரு சிறு மண்சட்டியைப் பக்கவாட்டில் படுக்கவிடுங்கள். இதற்கு இமைகள் இல்லை. கண்ணை மூடிக்கொள்ள வழியற்ற உயிர்மேல் பளிச்சென்று விளக்கு எரியவிடுவது கொடுமை. வடிகட்டி அவசியம், ஆனால் அதன் நீரோட்டம் மெல்லியதாக இருக்கவேண்டும். செவுள்கள் முன்பக்கமாக வளைந்து நின்றால் ஓட்டம் கடுமை அல்லது நீர் கெட்டுவிட்டது என்று பொருள்.

தொட்டியையும் பிராணியையும் ஒரே நாளில் வாங்குவதுதான் புதியவர் செய்யும் முதற்பிழை. நம் அன்பரும் அப்படியே செய்திருந்தார். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டியில் நீரும் வடிகட்டியும், அந்நுண்ணுயிர்களுக்கு உணவாகச் சிறிதளவு அம்மோனியாவும் மட்டுமே இருக்கவேண்டும். துளி விட்டுச் சோதிக்கும் சிறு மருந்துப் பெட்டி மீன் கடைகளில் கிடைக்கிறது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழி என்று காட்டிய பின்னரே பிராணியை அழைத்துவாருங்கள். பிறகு வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றவேண்டும். குழாய் நீரில் குளோரின் உண்டு. அதைச் சோடியம் தயோசல்பேட்டால் போக்கலாம். பழைய புகைப்படக்காரர்கள் ‘ஹைப்போ’ என்று வைத்திருந்த உப்பு அதுவே. மாடித் தொட்டியிலிருந்து வரும் கோடைகால நீர் கொதிநீருக்குத் தம்பி. அதை நேரே ஊற்றிவிடாதீர்கள்.

தொட்டியில் வேறு துணை வேண்டாம். பொன்மீன் தொட்டியிலேயே விடலாம் என்று அன்பரிடம் கடையில் சொன்னார்களாம். செவ்விறகு போல் ஆடும் செவுள்களை மீன் புழுவென்று கடித்துத் தின்னும். சிறு மீனாயிருந்தால் இது அதை விழுங்கும். குட்டிப் பருவத்தில் தம் இனத்தின் காலையே கடித்துவிடுவதும் உண்டு. கடிபட்ட கால் சில வாரங்களில் மீண்டும் முழுமையாக முளைத்துவிடுகிறது. உலகத்து ஆராய்ச்சிக் கூடங்கள் இதைப் போற்றி வளர்ப்பது அந்த அதிசயத்திற்காகவே. ஆண், பெண் சேர்த்து வைத்தால் ஒரு வயதுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அத்தனைக்கும் வீடு தேடுவது யார்?

உணவு விஷயத்தில்தான் நம் குடும்பங்களில் கலகம் மூளுகிறது. இது சுத்த மாமிச பட்சிணி. சோறு, இட்லி, ரொட்டித் துண்டு எதுவும் உதவாது. மிகச் சிறந்த உணவு மண்புழு. பூச்சிமருந்து தெளிக்காத தோட்டத்து மண்ணில் எடுத்து, நன்கு அலசி, பிராணியின் வாயளவுக்கு நறுக்கித் தரவேண்டும். உரக்குழிகளில் வளர்க்கும் சிவப்புப் புழு எளிதில் கிடைக்கும். ஆனால் அது கசப்பு நீரைக் கக்குவதால் பல ஆக்சலாட்டல்கள் வாயில் வாங்கித் துப்பிவிடும். மீன் கடைகளில் கொத்தாக விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடையில் வளர்வது. அதை வாங்கி நோயை விலைகொடுத்து அழைக்கவேண்டாம். உறையவைத்த இரத்தப்புழுக் கட்டிகள் குட்டிகளுக்கு நல்லவை. கடையில் விற்கும் உயிர்மீன் குஞ்சுகள், ஆட்டிறைச்சி, கோழித் துண்டு ஆகியவை வேண்டாம்; முதலாவது ஒட்டுண்ணிகளைக் கொண்டுவரும், மற்றவை செரிக்காது.

புழுவை வீட்டுக்குள் விடவே மாட்டேன் என்று சொல்லும் பெரியவர்கள் பலர் நம்மிடையே உண்டு. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. நீரில் மூழ்கும் மீன்மாவு உருண்டைகள் கிடைக்கின்றன, அவற்றைப் பழக்கலாம். ஆனால் அதை வாங்கும் முன்பே வீட்டில் எல்லோருடனும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். புழு நறுக்கும் கத்தரிக்கோல் சமையலறைப் பக்கமே போகக்கூடாது. தொட்டியில் கைவைத்தவர் சோப்பிட்டுக் கழுவாமல் தட்டைத் தொடக்கூடாது. குட்டிக்கு நாள்தோறும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உணவு போதும். பதினைந்து நிமிடத்தில் தின்னாததை எடுத்து எறிந்துவிடவேண்டும். நன்கு வளர்த்தால் பத்துப் பன்னிரண்டு ஆண்டு இருக்கும். இப்போது பத்து வயதாகும் பெண் கல்லூரி முடிக்கும்வரை அதுவும் கூடவே இருக்கும். அவள் விடுதிக்குப் போனபின் புழு நறுக்கப்போவது தாயாரா, தந்தையா என்பதையும் இன்றே முடிவு செய்யலாம்.

வேண்டாமென்று தோன்றினால் ஏரியில் விட்டுவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். நம் ஏரியின் சூட்டில் அது சாகும். சாகுமுன் அதன் நோய்களை நம் தவளைகளுக்குக் கொடுத்துவிட்டும் போகும். ஐரோப்பாவில் 2013ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை, செல்லப் பிராணி வாணிபத்தில் ஆசியாவிலிருந்து சென்ற நியூட்களோடு வந்ததாகவே கருதப்படுகிறது. நெதர்லாந்தின் காட்டுச் சாலமாண்டர்களை அது ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டது. ஆக்சலாட்டலின் சொந்த ஊர்க் கதையும் துயரமானதே. 1998ஆம் ஆண்டு சோச்சிமில்கோவில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 இருந்தன. 2014ஆம் ஆண்டுக் கணக்கில் அது நாற்பதுக்கும் கீழே இறங்கிவிட்டது. கண்ணாடித் தொட்டிகளில் இருப்பவை ஏராளம். பிறந்த ஏரியில்தான் ஆளில்லை.

தூக்கில் வந்ததை அன்று என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். ஒரு அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் குளோரின் நீக்கிய நீரை நிரப்பி, வீட்டின் வடபுறத்து இருட்டறைத் தரையில் வைக்கச் சொன்னேன். நாள்தோறும் முழு நீரையும் மாற்றவேண்டும். மாற்று நீர் முன்னதாகவே குளிர்ப்பெட்டியில் இருந்து, பழைய நீரின் வெப்பத்திற்கு இரண்டு டிகிரிக்குள் இருக்கவேண்டும். இவ்வாறு சிறிது சிறிதாக இறக்கி 20க்குக் கொண்டுவந்து, மூடிய பனிக்கட்டிப் புட்டிகளை முறைவைத்து மாற்றி அங்கேயே நிறுத்தவேண்டும். சிறுமி ஒரு நோட்டுப்புத்தகத்தில் காலை, பகல், இரவு மூன்று வேளையும் அளவு குறித்தாள். ஆறாம் நாள் மாலை தொலைபேசி மணி அடித்தது. “தாத்தா, அரைப் புழு தின்றுவிட்டது!” என்றாள். பின்னால் அவள் பாட்டி எதையோ முணுமுணுத்தது எனக்கும் கேட்டது.

ஆனால் பனிக்கட்டிப் புட்டியால் பங்குனியைக் கடக்கலாம். சித்திரையைக் கடக்க முடியாது. இதை அன்பரிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன். சில்லர் வாங்குவதா, அல்லது ஏற்கெனவே சில்லர் வைத்திருக்கும் நம் சங்கத்து அன்பர் ஒருவரிடம் முறைப்படி பதிவு செய்து ஒப்படைப்பதா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். மகளிடம் இரண்டாவது வழியைச் சொல்ல அவருக்கு இன்னும் துணிவு வரவில்லை. இதழ் உங்கள் கைக்கு வரும்போது பங்குனி பாதி போயிருக்கும். அதற்குள் அவர் முடிவு செய்தாகவேண்டும்.

வேறு அன்பர்கள் வீட்டிலும் இப்பிராணி இருந்தால் தாமதியாமல் எழுதுங்கள். எழுதும்போது மூன்று எண்களைத் தவறாமல் குறிப்பிடுங்கள்: பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் தொட்டி நீரின் வெப்பம், தொட்டியின் நீளம், கடைசியாக அது உண்டு எத்தனை நாளாயிற்று என்பது. நிறத்தையும் செல்லப்பெயரையும் பிறகு எழுதலாம்.